தலையெடுக்கும் ஈ

அமெரிக்காவில் இறங்கியதும் என் அப்பா செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் போய் நின்றது.

2023 அக்டோபர். ஹூஸ்டன் பக்கத்தில் அக்கா வீடு. இருபது மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் மடக்கிய குடை மாதிரி உட்கார்ந்து வந்தவர், கொல்லைப்புறத் தோட்டத்தைப் பார்த்ததும் விரிந்துவிட்டார். மன்னார்குடி பக்கத்தில் ஒரு கிராமத்துக்காரர். காலில் மண் படாவிட்டால் சாப்பாடு இறங்காது. "என்னமா வெச்சிருக்காங்கடா புல்லு!" என்று ரசித்தபடி அரை நிமிஷம் நின்றார். அடுத்த அரை நிமிஷத்தில் அந்த அறுபத்தொன்பது வயது மனிதர் ஆடிய ஆட்டத்தை நான் எந்த சினிமாவிலும் பார்த்ததில்லை.

நெருப்பெறும்பு!

நம்மூரில் எறும்புக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. பிள்ளையார் எறும்பு மேலே ஊர்ந்தால் யாரும் கவலைப்படுவதில்லை. கட்டெறும்பு கடித்தால் ஒரு தேய்ப்பு, ஒரு வசவு, அவ்வளவுதான். என் பாட்டி அரிசி மாவில் கோலம் போட்டதே எறும்பு தின்னட்டும் என்றுதான். டெக்ஸாஸ் எறும்பு அந்த ஜாதியில்லை. சத்தமே போடாமல் முதலில் முழங்கால் வரை ஏறிக்கொள்ளும். நீங்கள் லேசாக அசைந்தால் போதும், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் ஆரம்பிக்கும். வாயால் தோலைக் கவ்விக்கொண்டு, அதையே அச்சாக வைத்து உடம்பை வட்டமாகத் திருப்பி, பின்னாலிருக்கும் கொடுக்கால் வரிசையாகக் குத்தும். மறுநாள் குத்துக்கு ஒரு வெள்ளைக் கொப்புளம். அப்பாவுக்கு இரண்டு காலிலும் சேர்த்து நாற்பத்திரண்டு. (எண்ணியது நான். பி.காம்.)

இதுவரை சிரிக்கலாம். இனிமேல் முடியாது. அப்பாவுக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. இடது குதிகால் பக்கம் இரண்டு கொப்புளம் உடைந்து புண்ணாகிவிட்டது. பார்த்த டாக்டர் கட்டுப் போட்டுவிட்டு, ஆறும்வரை நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னார். அக்கா ஒரு படி மேலே போய்க் கொல்லைக் கதவையே பூட்டி, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்பா ஜன்னலோரம் நாற்காலி போட்டுத் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் மெதுவாகக் கேட்டார். "ஊருக்கு எப்படா போறது?"

அக்கா அடுப்படிக்குப் போய் அழுதாள். பத்து வருஷமாகக் கூப்பிட்டு, அம்மா போன பிறகுதான் மனிதர் கிளம்பி வந்திருக்கிறார். இந்தத் தடவை ஆறு மாசம், பிடித்துப்போனால் மெல்லப் பேசி நிரந்தரமாகவே வைத்துக்கொள்வது என்பது அவள் போட்டிருந்த திட்டம். அதில் ஓட்டை போட்டது, கால் அங்குலம்கூட இல்லாத ஓர் எறும்பு.

அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் அக்கா பையன் ஈயைப் பற்றிச் சொன்னான். பன்னிரண்டு வயசு. ஸ்கூலில் ஏதோ பிராஜெக்ட் செய்திருந்தான்.

"தாத்தா, இந்த எறும்போட தலையை வெட்டுறதுக்குன்னே ஒரு ஈ இருக்கு தெரியுமா?"

அப்பா தோசையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நாலு நாளில் முதல் தடவையாக.

அவன் சொன்னதையும், பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். ஸூடாக்டியான் என்று அந்த ஈக்குப் பெயர். உருவம் எறும்பின் தலையளவுதான். பெண் ஈ எறும்புக்கு மேலே அந்தரத்தில் மிதந்து, சமயம் பார்த்துப் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் எறும்பின் மார்புக்குள் ஒரே ஒரு முட்டையைச் செலுத்திவிட்டுப் போய்விடும். ஊசி போட்ட மாதிரி. முட்டையிலிருந்து வரும் புழு நகர்ந்து எறும்பின் தலைக்குள் போய் உட்காரும். இரண்டு மூன்று வாரம் எறும்புக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம்போல் வேலைக்குப் போகும், வரும். கடைசி நாளில் அது கூட்டை விட்டுத் தனியே கிளம்பிப் போகும். புழு தலைக்குள் இருப்பதையெல்லாம் தின்று தீர்த்து, கழுத்தை ஒட்டவைத்திருக்கும் சவ்வையும் கரைத்துவிட, தலை கழன்று விழும். அந்தக் காலித் தலைக்குள்ளேயே புழு கூட்டுப்புழுவாகி, மேலும் இரண்டு மூன்று வாரம் கழித்து எறும்பின் வாய் வழியாக ஈயாக வெளியே வரும்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "தின்னது போதாதுன்னு அதே தலைக்குள்ள குடியிருக்குமா? வாடகைகூட இல்லாம?" என்றார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

இந்த ஈயை எதற்காக அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பது பெரிய கதை. நெருப்பெறும்பு அமெரிக்கப் பிரஜை இல்லை. (அக்காவும்தான் முதலில் இல்லை.) அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. 1930-களை ஒட்டிக் கப்பல் சரக்கோடு அலபாமா மாநிலத்தின் மொபைல் துறைமுகத்தில் வந்து இறங்கியது. 1942-ல் அந்த ஊரில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் அதன் புற்றைக் கண்டுபிடித்துக் குறித்து வைத்தான். பின்னாளில் எறும்பு விஞ்ஞானத்துக்கே பெரியவராகிவிட்ட இ. ஓ. வில்சன்தான் அந்தப் பையன். அதே வயசில் நான் தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தேன். அது செத்துப்போனது. என் விஞ்ஞானமும் அத்தோடு முடிந்தது.

1957-ல் அரசாங்கம் களத்தில் இறங்கியது. 2 கோடி ஏக்கரில் மருந்தடிக்கத் திட்டம். ஹெப்டாக்ளோர், டைல்ட்ரின் என்று கடும் விஷங்களை விமானத்திலிருந்து கொட்டினார்கள். பறவைகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. 1962-ல் ரேச்சல் கார்சன் 'சைலன்ட் ஸ்பிரிங்' புத்தகத்தில் இதை வாங்கு வாங்கென்று வாங்கினார். அப்புறம் மைரெக்ஸ் என்று ஒன்று. 1978-ல் அதையும் நிறுத்த வேண்டியதாயிற்று. இதில் கொடுமை என்னவென்றால், விஷம் உள்ளூர் எறும்புகளையும் சேர்த்துக் கொன்றது. காலியான இடத்தில் முந்திக்கொண்டு குடியேறியது யார்? நெருப்பெறும்பேதான்! கைக்காசைச் செலவழித்து எதிராளிக்கு வீடு காலி பண்ணிக் கொடுத்த கதை.

பிறகுதான் சிலருக்கு ஒரு யோசனை வந்தது. தென் அமெரிக்காவில் இதே எறும்பு இவ்வளவு ஆட்டம் போடுவதில்லையே, ஏன்? கணக்கெடுத்துப் பார்த்தால் அமெரிக்காவில் அதன் நெருக்கம் அங்கே இருப்பதைவிட ஐந்து முதல் பத்து மடங்கு. சொந்த ஊரில் கடன்காரன், பங்காளி எல்லோரையும் விட்டுவிட்டு வெளியூர் போனவன் கொழுப்பது இயற்கைதானே. அப்படியானால் பங்காளியைக் கூட்டி வந்தால் என்ன? பிரேசிலிலிருந்து ஈயைக் கொண்டுவந்து, உள்ளூர் எறும்புகளைத் தொந்தரவு செய்யுமா என்று சோதித்துப் பார்த்து, 1997-ல் ஃப்ளோரிடாவில் கெய்ன்ஸ்வில் பக்கம் திறந்துவிட்டார்கள். அடுத்தடுத்து வேறு வகைகளும் வந்தன. ஒன்று பெரிய எறும்பைப் பார்த்துக்கொள்ளும், இன்னொன்று சின்ன எறும்பை. சீட்டுக்குச் சீட்டு வேலைப் பிரிவினை. டெக்ஸாஸிலும் விட்டார்கள்.

ஈயை வளர்க்கும் இடத்தில் நடப்பது இன்னும் வேடிக்கை. பெட்டிக்குள் இரண்டு பக்கமும் கவிழ்த்த கிண்ணங்கள். ஈக்குப் பயந்து எறும்புகள் ஒரு கிண்ணத்துக்கடியில் ஒளியும். மோட்டார் அந்தக் கிண்ணத்தைத் தூக்கிவிடும். எறும்புகள் அலறியடித்து அடுத்த கிண்ணத்துக்கு ஓடும். கொஞ்ச நேரத்தில் அதுவும் தூக்கப்படும். ஓடுகிற வழியெல்லாம் ஈ. ஏதாவது சர்டிஃபிகேட்டுக்காக டேபிள் டேபிளாக அலைந்திருப்பவர்களுக்கு நான் மேலே விளக்க வேண்டியதில்லை.

சரி, கணக்கு என்ன சொல்கிறது? என் பி.காம். மூளை பேரேட்டைப் புரட்டியது. நன்றாக வளர்ந்த ஒரு புற்றில் இரண்டு லட்சம் எறும்புகூட இருக்கும். ராணி நாளொன்றுக்கு ஆயிரம் முட்டை அளவுக்கு வரவு வைப்பவள். ஈ தலையெடுப்பதோ நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவது அபூர்வம். எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இது தேறாது.

ஆனால், ஈயின் பலம் கொலையில் இல்லை, பயத்தில். ஓர் ஈ வந்து வட்டமிட்டால் நூற்றுக்கணக்கான எறும்புகள் வேலையைப் போட்டுவிட்டுப் பதுங்கும். சில அப்படியே உறைந்து நிற்கும், சில உடம்பைச் சுருட்டிக்கொள்ளும். கிடைத்த இரையை வேறு ஜாதி எறும்பு வந்து தூக்கிப் போகும். நான் முன்பு வேலை பார்த்த கம்பெனியில் ஆடிட் பார்ட்டி வந்து ஒரு வாரம் உட்காரும். மொத்தமாகப் பிடித்தது 340 ரூபாய் வவுச்சர் ஒன்றே ஒன்று. ஆனால், அந்த வாரம் முழுக்க யாரும் டீ குடிக்கப் போகவில்லை, யாரும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்கவில்லை. ஏன், யாரும் வேலையும் பார்க்கவில்லை. ஃபைலுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொள்வதே முழுநேர வேலையாக இருந்தது.

இத்தனைக்குப் பிறகு எறும்பு குறைந்ததா? உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஈயை விட்ட குழுவிலேயே முக்கியமானவர் சான்ஃபோர்ட் போர்ட்டர். அவரும் மாரிசன் என்பவரும் ஃப்ளோரிடாவில் வருஷக்கணக்கில் எண்ணிப் பார்த்து 2005-ல் எழுதினார்கள். முதலில் விட்ட வகை நன்றாகப் பரவியிருக்கிறது, ஆனால் எறும்புத் தொகை குறைந்ததாக அளந்து காட்ட முடியவில்லை. தாங்களே வளர்த்த பிள்ளைக்குத் தாங்களே இப்படி மார்க் போட்ட நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அப்பாவிடம் சொன்னபோது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அப்ப இந்த ஈ வந்து என்னதான் பிரயோஜனம்?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் கிளம்ப நாலு நாள் இருந்தது. புண் காய்ந்து தோல் மூடியிருந்தது. அக்கா சாவியை எடுத்தாள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், அதன் மேல் எறும்பு ஏறாமல் வழுக்குவதற்காக டால்கம் பவுடர் என்று அப்பாவை அலங்கரித்து வெளியே விட்டாள். பாதி தீயணைப்பு வீரர், பாதி கல்யாண மாப்பிள்ளை. நேராக வேலியோரப் புற்றுக்குப் போனார். நீளக் குச்சியால் ஒரு கிளறு கிளறிவிட்டுப் பின்வாங்கி நின்றார். எறும்பு கலவரப்பட்டால் அந்த வாசனைக்கு ஈ வரும் என்று பேரன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

இருபது நிமிஷம். நான் மணி பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

"அங்க பாருடா."

தூசி என்றுதான் நினைத்தேன். விழாமல் நிற்கிற தூசி. எறும்பு போகிற பக்கமெல்லாம் மேலேயே கூடப் போனது. சடாரென்று ஒரு பாய்ச்சல். கீழே ஒரு எறும்பு திடுக்கிட்டு உருண்டு எழுந்து அசையாமல் நின்றது. சுற்றியிருந்த கூட்டம் கிடுகிடுவென்று மண்ணுக்குள் இறங்கியது. அப்பாவை ஆட வைத்த கூட்டம்!

அதற்குப் பிறகு தினமும் காலையும் மாலையும் அவர் அங்கேதான். பேரன் பூதக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமும் கொடுத்துவிட்டான். தேதி, மணி, எத்தனை ஈ. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருஷம் பேரேடு எழுதிய கை, கோடு போட்டு எழுதியது.

அத்தான் நடைமுறை மனுஷர். சோயா எண்ணெயில் ஊறிய மக்காச்சோள நொய்யில் மெதுவாகக் கொல்லும் மருந்து கலந்து கடையில் விற்கிறார்கள். எறும்பே தூக்கிப் போய் ராணிக்கு ஊட்டும். கால் வைக்கிற இடத்துக்கு அதுதான் சரி என்று தோட்டம் முழுக்கத் தூவப் போனார். அப்பா தடுத்தார். "மாப்பிள்ளை, எல்லா இடத்திலயும் போடுங்க. வேலியோரத்துல அந்த ஒண்ணை மட்டும் விட்டுடுங்க."

"எதுக்கு மாமா?"

"ஈ எங்க போகும்?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். சர்க்கரைக்காரர் வீட்டில் நெருப்பெறும்புக்கு இட ஒதுக்கீடா என்று சத்தம் போட்டாள். கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, அந்தப் புற்றைச் சுற்றி நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குள் மருந்து கிடையாது. கயிற்றைத் தாண்டி அப்பா போகக்கூடாது.

ஆறு மாசம் முடிந்து ஏப்ரலில் அப்பா ஊர் திரும்பினார். குதிகாலில் காசளவுக்கு ஒரு கறுப்புத் தழும்பு, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் அக்கா வருகிறாள். இரண்டு வார்த்தை சாப்பாடு, சர்க்கரை. மூன்றாவது வார்த்தை, "போனைக் கொஞ்சம் வேலிப் பக்கம் கொண்டு போம்மா."

ஒரு ஞாயிறு நானும் அங்கே இருந்தேன். அக்கா அலுத்துக்கொண்டே புற்றைக் காட்டிவிட்டு, மெல்லக் கேட்டாள். "இந்த அக்டோபருக்கு டிக்கெட் போடட்டுமாப்பா?"

அப்பா என்னைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஈ எந்த மாசம் ஜாஸ்தியா வரும்னு பையனைக் கேட்டுச் சொல்லு" என்றார்.