தறி வீட்டில் புத்தகம் எங்கே?

ஆண்டிபட்டி என்றதும் பலருக்கும் முதலில் ஞாபகம் வருவது தேர்தல்தான். 1984ல் எம்.ஜி.ஆர்., 2002லும் 2006லும் ஜெயலலிதா ஜெயித்த தொகுதி. அடுத்தது வைகை அணை. மூன்றாவதாக ஏதாவது சொன்னால் அது சேலையாக இருக்கும். ஊரை ஒட்டியிருக்கும் சக்கம்பட்டியும், கொஞ்சம் தள்ளியிருக்கும் டி.சுப்புலாபுரமும் நெசவு ஊர்கள். இப்போது அங்கே அதிகம் கேட்பது விசைத்தறிச் சத்தம். ஆனாலும் கைத்தறி முழுக்க ஓய்ந்துவிடவில்லை. என் தாய்மாமா இன்னும் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவர். நான் படிப்பது கணினி அறிவியல். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், நிறையவே இருக்கிறது!

விஷயத்துக்கு வருகிறேன். 2005ல் அமெரிக்காவில் டிம் ஸ்பால்டிங் என்பவர் 'லைப்ரரிதிங்' என்று ஒன்றைத் தொடங்கினார். நம் வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகங்களை, பெரிய நூலகங்களில் செய்வது போலவே அட்டவணை போட்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி வைத்துக் கொள்ளலாம். கதை, கவிதை படிப்பவர்கள் மட்டும் இல்லை, கைநெசவு செய்கிறவர்களும் இப்படித் தங்கள் நெசவுப் புத்தகங்களைப் பட்டியல் போட்டு, 'உன்னிடம் இது இருக்கிறதா, என்னிடம் இது இருக்கிறது' என்று பேசிக் கொள்கிறார்கள்.

அதற்கும் முன்பே இந்த வேலையில் இறங்கியவர் ரால்ஃப் கிரிஸ்வோல்ட். எங்கள் துறைக்காரர்தான். 1960களில் பெல் ஆய்வகத்தில் ஸ்னோபால் என்ற நிரல்மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர். பிறகு அரிசோனா பல்கலைக்கழகத்தில் கணினித் துறையைத் தொடங்கியவர். ஓய்வு பெற்றதும் மனிதர் நெசவில் விழுந்துவிட்டார்! காப்புரிமைக் காலம் முடிந்த பழைய நெசவு நூல்களையும் கட்டுரைகளையும் ஆயிரக்கணக்கில் தேடி, ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக் கொள்ளும்படி வைத்தார். 2006ல் இறந்துபோனார். அவர் திரட்டியது இன்றும் பயன்படுகிறது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஒரே பொறாமை. மாமாவிடம் போய்க் கேட்டேன்.

"மாமா, நெசவு பத்தி உங்ககிட்ட புத்தகம் ஏதாச்சும் இருக்கா?"

"புத்தகமா தாயி? ரேசன் புத்தகம் ஒண்ணு இருக்கு, சங்கத்துப் பாஸ்புத்தகம் ஒண்ணு இருக்கு. எது வேணும்?"

சிரித்துவிட்டேன். ஆனால் அதில் ஒரு பெரிய உண்மை இருக்கிறது. அந்த ஊர் நெசவுக்காரர்களில் பெரும்பாலோருக்கு நெசவு ஒரு பொழுதுபோக்கு. மார்கரீட் டேவிசன் எழுதி 1944ல் வந்த ஒரு கோலப் புத்தகம் அவர்களில் பலரிடம் இருக்கும். அதைப் பார்த்து நெய்து பழகுகிறார்கள். நம் ஊரில் யாரும் புத்தகம் பார்த்து நெசவு பழகவில்லை. அப்பா தறியில் உட்காரும்போது மகன் தார் சுற்றினான், பிறகு பாவு ஓட்டக் கைகொடுத்தான், ஒருநாள் அவனே குழிக்குள் காலை விட்டு மிதி மிதித்தான். அவ்வளவுதான் பாடம்.

அச்சிட்ட நூல்களே இல்லையா என்றால், இருக்கின்றன. சென்னை மாகாணத்துப் பருத்தித் துணிகளைப் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1897ல் ஒரு நூல் எழுதினார். பட்டைப் பற்றி 1899ல் இன்னொன்று. எல்லாம் ஆங்கிலம், அரசாங்கத்துக்காக எழுதியது. நெய்தவன் கையில் அது போய்ச் சேர்ந்திருக்குமா? நெய்தவனைப் பற்றிய புத்தகம் வேறு, நெய்தவனுடைய புத்தகம் வேறு.

அப்படியானால் நெய்தவனுடைய புத்தகம் எது? பதில் அத்தையிடம் இருந்தது. "அந்த டிரங்குப் பெட்டியில கெடக்கே, அதக் காட்டுங்க அவளுக்கு" என்றார். திறந்தால், உள்ளே கட்டுக் கட்டாகக் கட்டம் போட்ட கிராப் தாள்கள்! கரைக்கு, முந்திக்கு, உடம்புப் புட்டாவுக்கு என்று தனித்தனியாக. சிவப்புப் பென்சிலால் கட்டங்களை நிரப்பிய ருத்ராட்சம், கோபுரம், மயில், மல்லிமொக்கு. சில தாள்களின் ஓரத்தில் நெய்து பார்த்த மாதிரித் துண்டு தைத்திருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் கயிறு கோத்து அடுக்கிய அட்டைகள்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். கிராப் தாளில் ஒரு வரிசை என்பது துணியில் ஒரு ஊடு. வரிசையில் நிரப்பிய கட்டம் எல்லாம் மேலே தூக்க வேண்டிய பாவு இழை. அட்டை அடிக்கிறவர் அந்த வரிசையைப் படித்து, நிரப்பிய கட்டத்துக்கு ஓட்டை போடுவார், வெறும் கட்டத்தை விட்டுவிடுவார். ஒரு வரிசைக்கு ஒரு அட்டை. ஒரு பூ முடிய 80 ஊடு வேண்டுமென்றால் 80 அட்டை. எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும். 120 கொக்கி, 240 கொக்கி என்று பெட்டிக்கு ஏற்பக் கரையின் நுணுக்கம் கூடும்.

ஓட்டை உண்டு, ஓட்டை இல்லை. ஒன்று, பூஜ்யம். எங்கள் முதலாம் ஆண்டுப் பாடம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. பிரான்சின் லியோன் நகரத்தில் 1804ல் ஜக்கார்டு இதைச் செய்தார். அவருடைய உருவத்தையே 1839ல் சுமார் 24,000 அட்டைகள் போட்டுப் பட்டில் நெய்தார்கள். அதில் ஒரு பிரதியைச் சார்லஸ் பாபேஜ் வாங்கி வைத்திருந்தார். தான் திட்டமிட்ட கணக்குப் பொறிக்கு அட்டையில் ஆணை கொடுக்கும் யோசனையை இந்தத் தறியிலிருந்துதான் எடுத்தார். ஆக, மாமா வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் கிடப்பது நிரல் நூலகம்! கணினி வகுப்பு நண்பர்கள் இதைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்க்கவும்.

ஆனால் இந்த நூலகத்துக்கு என்ன ஆகிறது? ஒருவர் தறியை நிறுத்தினால் மரத்தைப் பிரித்து விற்பார். ஜக்கார்டு பெட்டியை யாராவது வாங்கிக் கொள்வார்கள். அட்டை நல்ல கனமாக இருக்கும், பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுப்பார். கிராப் தாளுக்கு எடையும் இல்லை, அது அடுப்புக்கு. எங்கள் தெருவிலேயே இப்படிப் போனது எனக்குத் தெரியும். ஒருவர் நாற்பது வருடம் வரைந்தது ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும்.

சரி, நாமும் அவர்கள் மாதிரி எல்லாவற்றையும் படம் எடுத்து உலகத்துக்குக் காட்டிவிடலாமே என்று கைபேசியை எடுத்தேன். மாமா தடுத்தார்.

"தாயி, எழுதி வச்சுக்க. படத்தப் போட்டுறாத. இன்னைக்கு நீ போட்டா அடுத்த வாரம் விசைத்தறியில ஓடும். பாதி வெலைக்குக் கடையில தொங்கும். அப்புறம் எஞ்சேலைய எவன் வாங்குவான்?"

இது வீண் பயம் இல்லை. இதற்கு 160 வருடத்துக் கதை இருக்கிறது. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்பவர் லண்டனில் இந்தியப் பொருட்களைக் கவனிக்கும் அதிகாரி. 1866ல் இந்தியத் துணிகளை வெட்டி ஒட்டி, 18 தொகுதிகளில் 700 மாதிரிகள் கொண்ட ஒரு பட்டியல் நூல் தயாரித்தார். சென்னை மாகாணத்துத் துணிகளும் அதில் உண்டு. மொத்தம் 20 செட். 13 பிரிட்டனுக்குள், 7 இந்தியாவுக்கு. நோக்கத்தையும் அவர் ஒளிக்கவில்லை. இந்தியர்கள் என்ன உடுத்துகிறார்கள், எந்த நீளம், எந்தக் கரை என்று பிரிட்டிஷ் ஆலைக்காரர்கள் தெரிந்து, அதே மாதிரி நெய்து இங்கே விற்க வேண்டும். ஒரு செட் லங்காஷயரின் ஆலை நகரமான பிரெஸ்டனுக்குப் போனது. இன்று அந்தத் துணிகளை நாம் கணினியிலேயே பார்க்கலாம். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் நெய்தவர் பெயர் ஒன்றுகூட அதில் முக்கியமாகப் படவில்லை. நம் நெசவுக்கு ஒழுங்காகப் போட்ட முதல் பெரிய அட்டவணை, நம்மைப் போட்டிக்கு இழுக்கத்தான் உதவியது.

ரகசியம் காப்பது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். ஐரோப்பாவில் நெசவுக் கோலங்களை அச்சில் கொண்டுவந்த முதல் நூலாகச் சொல்லப்படுவது, ஜெர்மனியின் உல்ம் நகரத்தில் மார்க்ஸ் சீக்லர் 1677ல் வெளியிட்டது. அதுவரை அங்கேயும் நெசவாளிகள் கோலத்தைக் கையால் எழுதி, பெட்டிக்குள் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். நெசவு சோறு போடும் வரை கோலம் ரகசியம். சோற்றுக்கு அதை நம்ப வேண்டியதில்லை என்று ஆன பிறகுதான் தாராளமாகப் பகிர முடிகிறது. கிரிஸ்வோல்டின் தாராளத்தைக் குறை சொல்லவில்லை. அவருக்கு அது சாத்தியமாக இருந்தது, மாமாவுக்கு இல்லை.

சட்டம் காப்பாற்றாதா? கைத்தறிக்கென்று ரகங்களை ஒதுக்கும் சட்டம் 1985ல் வந்தது. ஒதுக்கிய ரகங்களில் சேலையும் உண்டு. ஆனால் அது ரகத்தைக் காக்கும், மாமா வரைந்த மயிலைக் காக்காது. மதுரை சுங்குடிக்குக் கிடைத்த புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும். வடிவமைப்புச் சட்டம், 2000 என்று ஒன்று இருக்கிறது. புது வடிவத்தைப் பதிந்தால் 10 வருடம், நீட்டித்தால் இன்னும் 5 வருடம் உரிமை. கூலிக்கு நெய்கிறவர் ஒவ்வொரு கரைக்கும் பணம் கட்டிப் பதிவாரா என்ன?

ரொம்ப நாள் யோசித்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பட்டியல் போடுவதும் பகிர்வதும் ஒன்றல்ல. நூலக அட்டவணையை நினைத்துப் பாருங்கள். அந்தச் சின்ன அட்டையில் கதை இருக்காது. புத்தகத்தின் பெயர், எழுதியவர், வருடம், எந்த அலமாரி, அவ்வளவுதான். 'இருக்கிறது, இவரிடம் இருக்கிறது' என்று சொல்வது அட்டவணை. எடுத்துக் கொடுப்பதும் கொடுக்காததும் வைத்திருப்பவர் இஷ்டம். லைப்ரரிதிங்கில் இருப்பவர்களும் புத்தகத்தின் பெயரைத்தானே போடுகிறார்கள்?

மாமா இதற்கு உடனே ஒத்துக்கொண்டார். போன விடுமுறையில் ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். கோலத்தின் பெயர், கரையா முந்தியா, எத்தனை கொக்கி, எத்தனை அட்டை, வரைந்தது யார், எப்போது, முதலில் யாருக்கு நெய்தது, மாதிரித் துண்டு இருக்கிறதா. மாமா சொல்லச் சொல்ல எழுதினேன். சும்மா தகவல் என்று நினைத்தது கதையாக வந்தது. ஒரே கரைக்குத் தெருவுக்குத் தெரு பெயர் மாறுவதால், எல்லாப் பெயரையும் எழுத வேண்டியிருந்தது. ஒரு தாளைத் தூக்கி, "இது எங்கய்யா வரஞ்சது" என்று சொல்லிவிட்டு மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அட்டவணையால் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பே வெளியான வடிவத்தைப் புதிது என்று யாரும் சட்டப்படி பதிய முடியாது. அதனால் இன்றைக்கு யார் பிழைப்புக்கும் தேவைப்படாத, தாத்தா காலத்துக் கோலங்களைப் பெயரோடும் தேதியோடும் வெளியிட்டுவிடலாம். அப்போது யாரும் அதைத் தன் சொத்து என்று பூட்ட முடியாது. இப்போது தறியில் ஓடுகிற கோலம் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். இந்தப் பிரிவினையைச் செய்ய வேண்டியவர் நெசவாளிதான், அருங்காட்சியகமோ அதிகாரியோ இல்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2023 ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி நாளில், இந்தியத் துணிகளுக்கும் கைவினைகளுக்குமான ஒரு மின்தொகுப்பு தொடங்கப்பட்டது. நல்ல விஷயம். ஆனால் அங்கே காஞ்சிபுரம், பனாரஸ் போய்ச் சேரும் வேகத்தில் சக்கம்பட்டியின் பருத்திச் சேலை போய்ச் சேருமா? பேர் பெற்ற ஊருக்கு ஆள் வரும். பேர் பெறாத ஊருக்கு நாம்தான் எழுத வேண்டும்.

ரோஜா முத்தையா ஒருவர் போதும் இதற்குச் சாட்சி சொல்ல. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக் கொண்டிருந்தவர். புத்தகம் மட்டுமா சேர்த்தார்? நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்தார். 1992ல் அவர் இறந்த பிறகு அந்தச் சேகரிப்பு சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னையில் ஆராய்ச்சி நூலகமானது. இன்று அது இல்லாமல் தமிழ் அச்சின் வரலாற்றை எழுத முடியாது. நாடக நோட்டீசுக்கு ஒரு முத்தையா கிடைத்தார். கிராப் தாளுக்கு இன்னும் ஒருவரும் கிடைக்கவில்லை.

நெசவு வீட்டுப் பிள்ளைகள் இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, பெரியவர்கள் பக்கத்தில் ஒரு மணி நேரம். பெயரைக் கேளுங்கள், வரைந்தவர் யார் என்று கேளுங்கள், எழுதி வையுங்கள். எதை வெளியே காட்டலாம் என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். பழைய பேப்பர்காரர் எங்கள் தெருவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிறார். உங்கள் தெருவுக்கு என்றைக்கு?