குதிகாலுக்கு ஷாக்வேவ்

காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி உயிரை எடுக்கும். கொஞ்சம் நடந்தால் தணியும். பாதத்தின் அடித்தசைநார் வலி அப்படித்தான். எக்ஸ்ரேயில் குதி எலும்பில் நீட்டிக்கொண்டு தெரிந்த குதிமுள்ளுக்குப் பயப்படாதீர்கள், வலியே இல்லாத பலருக்கும் அது உண்டு என்றார் டாக்டர்.

இந்த வலிக்குத் தரும் ஷாக்வேவ் சிகிச்சையில் கரண்ட் இல்லை, ஒலி அலைதான். 1980-ல் மியூனிக்கில் சிறுநீரகக் கல்லை உடைக்கப் பயன்பட்ட அதே நுட்பம். 2000-ல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. குதிகாலுக்கும் அனுமதித்தது.

ஜெல் தடவி, வலிக்கிற புள்ளியைக் கட்டைவிரலால் அழுத்திக் கண்டுபிடித்து, அங்கேயே கருவியை வைக்கிறார்கள். டக் டக் டக்! பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். மரத்துப்போக ஊசி கேட்டால் கிடையாது. எங்கே வலிக்கிறது என்று நாம்தான் சொல்லணுமாம். (நல்லா இருக்கு நியாயம்!)

பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். எல்லோருக்கும் கேட்கும் என்றும் இல்லை. கெண்டைக்காலை நீட்டி மடக்கும் பயிற்சியைச் செய்து பார்க்காமலே இதற்கு ஓடுவது, என்னைக் கேட்டால், தண்டச் செலவு.