புளியங்கொட்டைகள் சொன்ன பாடம்

தனித்திருக்கும்போது தெளிவாகத் தெரியும் உண்மை, பத்துப் பேர் நடுவே மங்கிப்போவதை நாம் அறிவோம். தமக்கென ஒரு கருத்தின்றி, எதிர்ப்படுவோரிடமெல்லாம் ‘நான் உம்முடன்’ என்று சொல்லித் திரிபவரை அரபியில் ‘இம்மஆ’ என்பர். இச்சொல்லுக்குப் பொருள் சொன்னால் பிள்ளைகள் மனனம் செய்துகொள்வார்கள். ஆனால், அந்த இம்மஆ தம்முள்ளும் இருப்பதை உரையால் உணர்த்த இயலாது. செய்கையால்தான் உணர்த்த வேண்டும்.

சமூக உளவியலார் இதற்கு வழி கண்டுள்ளனர். சாலமன் ஆஷ் 1951-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு புகழ்பெற்றது. மூன்று கோடுகளுள், காட்டிய கோட்டுக்கு நிகரானது எது என்பதே கேள்வி. உடனிருந்தோர் முன்பே பேசிவைத்தபடி தவறான கோட்டைச் சுட்டினர். விவரமறியாது நடுவே அமர்ந்தவர்களுள் ஏறத்தாழ முக்கால் பங்கினர், ஒருமுறையேனும் தம் கண்ணை விட்டுக் கூட்டத்தின் சொல்லைப் பின்பற்றினர்.

வகுப்பறையில் இதைச் செய்து காட்டுவோர் உண்டு. பிள்ளைகளுக்குப் பொய் சொல்லக் கற்பித்து, அதன்வழி உண்மையின் அருமையைப் புகட்டுவது எனக்கு ஒப்பவில்லை. ஆகவே, 1932-இல் ஆர்தர் ஜென்னஸ் கையாண்ட முறையைத் தேர்ந்தேன். அவர் புட்டியில் பயற்றை நிரப்பினார்; நான் புளியங்கொட்டையை நிரப்பினேன்.

குலசேகரன்பட்டினத்தில் என்னிடம் பயிலும் பிள்ளைகள், கொட்டைகள் எத்தனை என்று முதலில் மறைவாக எழுதினர். பின் கூடிப் பேசினர். மீண்டும் தனித்தனியே எழுதினர். முதல் தாளில் சிதறிக்கிடந்த எண்கள், இரண்டாம் தாளில் உரத்துப் பேசிய இருவரின் எண்ணைச் சூழ்ந்து நின்றன. கொட்டி எண்ணியபோது, ஒரு சிறுமி முதலில் எழுதிய எண்ணே மிக நெருங்கியிருந்தது. அதை அவளே அடித்துத் திருத்தியிருந்தாள்.

“ஏனம்மா மாற்றினாய்?” என்றேன்.

“எல்லாரும் ஒன்றாகச் சொல்லும்போது நான் மட்டும் எப்படி, ஹஜ்ரத்?”

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு சிறுவன் மெல்ல எழுந்தான். “போன மாதம் ஒருவனைத் திருடன் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். நான் எதையும் பார்க்கவில்லை.”

வகுப்பு அடங்கிவிட்டது. விளையாட்டு முடிந்து பாடம் தொடங்கியது அங்கேதான். நான் எவரையும் கடியவில்லை. பேச இடம் கொடுத்தேன்.

ஆஷ் கண்ட மற்றொன்றையும் அன்று சொன்னேன். உண்மையைச் சொல்லும் ஒரே ஒரு துணை உடனிருந்தால், அத்தவறுகள் ஏறத்தாழ நான்கில் ஒன்றாகக் குறைந்தன. முதற்குரல் எழுப்பும் துணிவு எல்லாப் பிள்ளைக்கும் வாய்க்காது. அக்குரலுக்கு இரண்டாமவராய் நிற்பதையேனும் நாம் பழக்கலாம்.

அதற்கு வீடும் வகுப்பறையே. குடும்பக் காரியம் பேசும்போது, பெரியவர்கள் தம் முடிவை மொழியுமுன் கடைசிப் பிள்ளையின் கருத்தை முதலில் கேட்டுப் பாருங்கள்.