குல்மார்க் டு கொல்லிமலை

பனிச்சறுக்குக்கு குல்மார்க்! கல்யாணமான புதிதில் போட்ட பிளான். இந்த ஜனவரியிலும் கணக்குப் போட்டேன். மனைவி எட்டிப் பார்த்தாள். "லீவு நாலு நாள். டெல்லிக்குப் போக வர ரயில்லயே மூணு நாள் காலி. அங்கே டீ குடிச்சுட்டுத் திரும்பிடலாமா?"

ஆகவே, நாமக்கல் மாவட்டம் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணிக்கொண்டே வந்த நான் 40-ல் அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்ப, மிச்சத்தைப் பையன் எண்ணினான். செம்மேட்டில் மூடுபனி. "அப்பா, ஸ்நோ!" என்று கையால் பிடிக்கப் பார்த்தான். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரம் படிகளுக்கு மேல் இறங்கணும். ஈரப் படியில் நான் சர்ரென்று சறுக்க, "குல்மார்க் வந்தாச்சு!" என்றாள் மனைவி.

ஏறும்போதுதான் மூச்சு இரைத்தது. பத்துப் படிக்கு ஒரு தரம் உட்கார்ந்தேன். மேலே நின்று பையன் கை கொடுத்தான். குல்மார்க் பிளான் போட்டபோது அவன் பிறக்கவே இல்லை. அடுத்த வருஷம் லீவு பத்து நாள் கேட்கப் போகிறேன், சார்!