பி பொசிற்றிவ் இருக்கிற ஆக்கள்

எங்கட பட்ச் தோழிக்கு இரத்தப் புற்றுநோய். ஸ்ரெம் செல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம் என்று மருத்துவர் சொன்ன அன்றிரவே, நாங்கள் வட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் தொடங்கினோம்: "பி பொசிற்றிவ் இருக்கிற ஆக்கள் பேரைப் போடுங்கோ." விடியும்போது பதினொரு பேர். கலைப்பீடத்துக்காரருக்கு அவ்வளவுதான் விஞ்ஞானம்.

பட்டியலைப் பார்த்த மருத்துவபீட அக்கா சிரிக்கவில்லை, அதுவே பெரிய விஷயம். "இதுக்கு இரத்த வகை முக்கியமில்லை பிள்ளையள், எச்.எல்.ஏ. எண்டு ஒண்டு பொருந்தவேணும்" என்றா. கலங்களின் மேற்பரப்பில் இருக்கிற அடையாளம் அது. பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து வருகிறது. அதனால் கூடப்பிறந்த ஒருவருக்கு முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்று. வெளியாட்களில் என்றால் பெரிய கொடையாளர் பதிவேடுகளில்தான் தேடவேணும்.

மிச்சத்தை நாங்கள் விளங்கிக்கொண்டது விதைநெல்லை வைத்துத்தான். என்பு மச்சையில் இருக்கிற ஸ்ரெம் செல்கள் பிரியும்போது ஒரு பங்கு செங்குழியம், வெண்குழியம், குருதிச் சிறுதட்டு என்று மாறி வேலைக்குப் போகும். இன்னொரு பங்கு ஸ்ரெம் செல்லாகவே மிஞ்சும். செங்குழியத்தின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். விதை இல்லையென்றால் எங்கள் எல்லோருக்கும் இரத்தம் நாலு மாதத்துக்குத்தான். கடுமையான கீமோ களையோடு நெல்லையும் கருக்கிவிடும், பிறகு வேறொரு வயலின் விதை வேணும்.

அவளின்ர தம்பிக்குப் பொருந்தியது. அம்மம்மாதான் விடவில்லை. "முள்ளந்தண்டில ஊசி குத்தினா பெடியன்ர காலும் போயிடும். ரெண்டு பிள்ளையளையும் படுக்கையில போடேலாது." அவவைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை, நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மையில் முள்ளந்தண்டைத் தொடுவதே இல்லை. மயக்கிவிட்டு இடுப்பெலும்பிலிருந்து மச்சையை எடுக்கலாம். அல்லது, தம்பிக்குச் செய்ததுபோல, நாலைந்து நாள் ஊசி போட்டு ஸ்ரெம் செல்களை இரத்தத்துக்குள் வரவைத்து, ஒரு கையால் எடுத்து, இயந்திரத்தில் பிரித்து, மிச்ச இரத்தத்தை மற்றக் கையால் திருப்பி ஏற்றலாம். எடுத்தது திரும்ப ஊறிவிடும் என்று மூன்று நாள் சொன்னோம்.

"கிணறு மாதிரியோ?" என்று கேட்டா அம்மம்மா.

"ஓம் அம்மம்மா, கிணறு மாதிரித்தான்."

இதுக்குள்ள ஒரு மாமி விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தா: சீனி வருத்தம், முழங்கால் வலி, பக்கவாதம், எல்லாத்துக்கும் ஸ்ரெம் செல்லாம். 2006 இல் யமனாக்கா எலியின் தோல் கலங்களையே ஸ்ரெம் செல் போல மாற்றிக் காட்டினார், 2012 இல் நோபல் பரிசும் கிடைத்தது. நம்பிக்கை இருக்கிறது. ஆனால் அந்த விளம்பரத்தில் இருந்தவை இன்னும் பரிசோதனையில்தான். காசைக் கொண்டுபோய்க் கொட்டாதேங்கோ.

சிகிச்சை நாளில் ஒரு சின்னப் பை, இரத்தம் ஏற்றுகிற மாதிரியே ஏறி முடிந்தது. அதுக்குப் பிறகு வந்த மூன்று கிழமைதான் பயங்கரம். உடம்பில் வெண்குழியமே இல்லை, ஒரு தடிமன் காய்ச்சல் போதும். கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்துவிட்டு வந்தோம். பதினெட்டாம் நாள் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. தம்பியின் கலங்கள் அவளின் உடம்பையே தாக்கவும் கூடும் என்பதால் இன்னும் கிளினிக்குக்குப் போய் வருகிறாள்.

தம்பி ஓ பொசிற்றிவ். அவளின்ர இரத்தமும் மெல்ல மெல்ல ஓவாக மாறிவிட்டது. போன கிழமை அந்தப் பழைய பட்டியலைத் தேடியெடுத்துத் திரும்பப் போட்டிருந்தாள்: "உங்கட பதினொரு பேரின்ர இரத்தமும் இனி எனக்குச் சரிவராதாம்."