ஒரு 'அல்லது' படுத்திய பாடு

சர்க்கார் கெஜட்டை உட்கார்ந்து படிக்கிறவர்கள் உலகத்தில் இரண்டே ரகந்தான். ஒன்று, வக்கீல்கள். மற்றொன்று, ஆசிரியர் தலையில் கட்டிவிட்டாரே என்பதற்காகப் படிக்கும் என்னைப் போன்ற உதவி ஆசிரியர்கள். நம் ஊர் கெஜட் என்றாலாவது யாருக்கு மாற்றல், யாருக்குப் பிரமோஷன் என்று கொஞ்சம் சுவாரஸ்யம் இருக்கும். எனக்கு வாய்த்ததோ அமெரிக்க நாட்டுக் கெஜட். 'ஃபெடரல் ரிஜிஸ்டர்' என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மனநலத்தைக் கவனிக்கும் ஆட்களைப் பயிற்றுவிக்க மானியம் கொடுப்பது பற்றிய விதிகள் அதில் இருந்தன. கொட்டாவி விடாமல் படித்து முடித்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தேன். கொட்டாவி வரவில்லை, கோபந்தான் வந்தது.

"அமெரிக்காக்காரன் கெஜட் நமக்கு எதற்கு ஐயா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கதை பள்ளிக்கூடத்துக் குழந்தைகளைப் பற்றியது.

2022-ஆம் வருஷம் மே மாதம் 24-ந் தேதி. டெக்ஸாஸ் மாகாணத்தில் யுவால்டி என்ற சிற்றூர். அங்கேயுள்ள ராப் ஆரம்பப் பள்ளிக்குள் பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கியோடு நுழைந்தான். 19 குழந்தைகள், 2 உபாத்தியாயினிகள் மாண்டு போனார்கள். இதற்கு நாலு வருஷம் முன்னால், 2018-இல், ஃபுளோரிடாவில் பார்க்லண்டு பள்ளியில் 17 பேர் இப்படித்தான் பலியானார்கள். துப்பாக்கி விஷயத்தில் அந்த நாட்டுக் கட்சிகள் இரண்டும் கீரியும் பாம்புமாக இருப்பவை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் யுவால்டிக்குப் பிறகு, என்ன தோன்றிற்றோ, இரண்டு கட்சியிலும் சிலர் கூடிப் பேசி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். ஜூன் 25-ந் தேதி ஜனாதிபதி பைடன் அதில் கையெழுத்துப் போட்டார். ஒரே மாதத்தில் சட்டம்! அந்த நாட்டில் அது அபூர்வம்.

அந்தச் சட்டத்தில் பள்ளி மனநலத்துக்கென்று 100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். ஐந்து வருஷத்துக்கு. இரண்டு திட்டங்கள், ஆளுக்குப் பாதி. ஒன்று, பள்ளி ஜில்லாக்கள் ஆட்களை வேலைக்கு வைத்துக்கொள்ள. இரண்டாவது, சர்வகலாசாலைகளும் ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளி ஜில்லாக்களும் கைகோத்துக்கொண்டு புதிய ஆட்களைத் தயார் செய்ய. துப்பாக்கி எடுப்பவனை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம் என்ற நம்பிக்கையில் சிலர் இதற்கு ஓட்டுப் போட்டிருக்கலாம். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மனம் உடைந்த குழந்தைகளில் துப்பாக்கி எடுத்துப் பிறரைச் சுடுபவை மிக மிகச் சில. மற்றவை சத்தமில்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கின்றன. அவற்றுக்காகத்தான் ஆள் வேண்டும்.

இந்த ஆட்கள் யார், எப்படித் தயாராகிறார்கள் என்பதை எனக்குச் சொன்னவள் என் சித்தியின் மகள். கலியாணமாகி அமெரிக்கா போய், அந்த நாட்டுப் பிரஜையும் ஆகி, பிறகு முப்பது வயதில் 'பள்ளி மனோதத்துவர்' படிப்புப் படித்தவள். மானியம் ஒன்றும் கிடைக்காமல் கைக்காசைப் போட்டுப் படித்தாள்.

"பி.ஏ.வுக்கு மேலே மூணு வருஷம் அண்ணா. கடைசி வருஷம் பூரா பள்ளிக்கூடத்திலே வேலை பழகணும். 1,200 மணி நேரம் கணக்குக் காட்டினாத்தான் பட்டம்" என்றாள்.

"சம்பளம்?"

"சம்பளமா? பெட்ரோல் காசு கூடக் கிடையாது."

எல்லா இடத்திலும் இப்படியில்லை. சில ஊர்களில் கொஞ்சம் கொடுப்பார்களாம். ஆனால் கிராமத்துப் பள்ளிகளில் அனேகமாக இப்படித்தான். ஒரு வருஷம் சம்பளமில்லாமல் உழைக்க யாரால் முடியும்? புருஷன் சம்பாதிக்கிறவளால் முடியும். அப்பா பணக்காரராக இருந்தால் முடியும். அந்தக் கிராமத்திலேயே பிறந்து, அந்தப் பிள்ளைகளின் பேச்சும் பழக்கமும் தெரிந்த பெண்ணால் மட்டும் முடியாது. மானியத்தின் சூட்சுமம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பழகும் வருஷத்தில் கையில் கொஞ்சம் பணம் கொடுத்தால் அந்தப் பெண் படிப்பை முடிப்பாள். முடித்துவிட்டு அந்த ஊரிலேயே இருப்பாள்.

இப்போது என் தங்கைக்கு மூன்று பள்ளிக்கூடங்கள். "ஆபீஸ் எங்கே அம்மா?" என்று கேட்டேன். "கார்தான் அண்ணா ஆபீஸ். பின் ஸீட்டில் பரீட்சைப் பெட்டி, முன் ஸீட்டில் மத்தியானச் சாப்பாடு" என்று சிரித்தாள். ஐந்நூறு பிள்ளைகளுக்கு ஒரு மனோதத்துவர் வேண்டும் என்பது அவர்களுடைய சங்கத்தின் சிபாரிசு. நாடு முழுவதும் கணக்குப் பார்த்தால் ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகளுக்கு ஒருவர்தான் இருக்கிறார். விசேஷக் கல்வி தேவையா என்று ஒரு குழந்தையைச் சோதித்துச் சொல்ல அந்நாட்டுச் சட்டம் கெடு வைத்திருக்கிறது. ஆகவே பெரும்பாலான நேரம் அந்தச் சோதனைக்கே போய்விடுகிறது. "அழற குழந்தை பக்கத்திலே உட்கார நேரமில்லை" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

மனோதத்துவர் தவிர, ஆலோசகர் என்று ஒருவர் உண்டு. சமூக ஊழியர் என்று ஒருவர் உண்டு. குழந்தையின் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டுபவர் இந்தச் சமூக ஊழியர்தான். 2022-ஆம் வருஷ விதிகளின்படி மூவரையும் தயார் செய்யலாம்.

இனி விதிகளுக்கு வருவோம். நல்ல விதிகளும் அதில் உண்டு. பயிற்சிக்கென்று கொடுக்கும் மானியத்தில் மறைமுக நிர்வாகச் செலவு என்று 8 சதவீதத்துக்கு மேல் சர்வகலாசாலை பிடித்துக்கொள்ள முடியாது. படித்ததும் எழுந்து நின்று கைதட்டலாம் போலிருந்தது. நம் ஊரில் சில கமிட்டிகள் காப்பி, டிபன் கணக்கிலேயே அதைத் தாண்டிவிடும்!

வம்பு வேறொரு விதியில் இருக்கிறது. மானியம் ஐந்து வருஷத்துக்கு என்று பெயர். பணம் வருவதோ வருஷா வருஷம். ஒவ்வொரு வருஷமும் கல்வி இலாகா பார்த்து, வேலை கணிசமாக முன்னேறியிருக்கிறதா, தொடர்ந்து கொடுப்பது சர்க்காருக்கு நன்மையா என்று தீர்மானிக்க வேண்டும். இது நியாயமான ஏற்பாடுதான். பணத்தை வாங்கிக்கொண்டு தூங்குகிறவனுக்கு மறு வருஷமும் ஏன் கொடுக்க வேண்டும்? ஆனால் 'சர்க்காருக்கு நன்மை' என்ற இரண்டு வார்த்தை இருக்கிறதே, அது ரப்பர் மாதிரி. இழுக்கிறவர் கையில் இருக்கிறது அதன் நீளம்.

2025 ஜனவரியில் சர்க்கார் மாறிற்று. டிரம்ப் மறுபடி ஜனாதிபதியானார். ஏப்ரல் 29-ந் தேதி கல்வி இலாகாவிலிருந்து கடிதங்கள் பறந்தன. சுமார் 100 கோடி டாலர் மதிப்புள்ள மானியங்கள் தொடரமாட்டா. நடப்பு வருஷத்தோடு சரி. காரணம் என்ன? சிவில் உரிமைச் சட்டத்துக்கு விரோதம், அல்லது இலாகாவின் கொள்கைக்கு விரோதம், அல்லது மாணவர்களின் நலனுக்குப் பாதகம், அல்லது சர்க்கார் பணத்தைத் தகாத வழியில் செலவிடுவது. இவற்றில் தங்கள் மானியத்துக்கு எது பொருந்தும் என்பது கடிதம் பெற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கு ஒரு காரணம் என்று இல்லாமல், எல்லோருக்கும் ஒரே பல்லவி. பரீட்சையில் பையனைத் தேறவில்லை என்று சொல்லிவிட்டு, "கணக்கில் அல்லது சரித்திரத்தில் அல்லது ஒழுக்கத்தில்" என்று எழுதி அனுப்பினால் பெற்றோர் சும்மா இருப்பார்களா?

புது சர்க்காருக்கும் ஒரு வாதம் இருந்தது. பழைய விதிகளில், பலவித சமூகங்களிலிருந்து ஆட்களைச் சேர்ப்பதற்கு முன்னுரிமை இருந்தது. இது இனம் பார்த்து ஆள் எடுப்பதாகும், தகுதியைத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். ஓட்டு வாங்கி வந்தவர்கள் தங்கள் கொள்கைப்படி புதிய மானியத்துக்குப் புதிய விதி எழுதிக்கொள்ளட்டும்; அது அவர்கள் பாத்தியதை. பழைய விதியை நம்பிப் படிப்பில் சேர்ந்துவிட்டவர்கள் பாதி ஆற்றில் இருக்கும்போது பரிசலை நிறுத்துகிறார்களே, அதைத்தான் என்னால் ஒப்ப முடியவில்லை. மூன்று வருஷப் படிப்பை ஒரு வருஷ வாக்குறுதியில் எப்படி நடத்துவது?

16 மாகாணங்கள் ஸியாட்டில் நகரக் கோர்ட்டில் வழக்குப் போட்டன. அக்டோபர் 27-ந் தேதி நீதிபதி கிம்பர்லி எவன்சன் இடைக்காலத் தடை விதித்தார். டிசம்பரில், அந்த நிறுத்தம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பும் சொன்னார். ஆனால் அக்டோபர்த் தடை நாடு முழுவதற்குமல்ல; வழக்குப் போட்ட மாகாணங்களில், அதுவும் சில மானியங்களுக்குத்தான். எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் வசிக்கும் குழந்தைக்கு அந்தத் தடையால் ஒன்றும் கிடைக்கவில்லை.

இதற்கிடையில், 2025 செப்டம்பரில் புதிய விதிகள் வெளியாயின. அவற்றின்படி 27 கோடி டாலருக்கு விண்ணப்பங்கள் கோரப்பட்டன. இந்தத் தடவை பணம் பள்ளி மனோதத்துவர்களுக்கு மட்டுமே. ஆலோசகரும் சமூக ஊழியரும் வெளியே. மனோதத்துவர் பஞ்சம் இருப்பது வாஸ்தவம். என் தங்கையின் காரைப் பார்த்தாலே தெரியும். அவளிடமே இதைக் கேட்டேன். "எங்களுக்குக் கிடைத்தது, சந்தோஷம்னு சொல்லணுமா அண்ணா? நான் சோதனை பண்ணி எழுதிக் கொடுத்துடுவேன். அந்தக் குழந்தையின் வீட்டிலே என்ன நடக்கிறதுன்னு யார் போய்ப் பார்க்கிறது?" என்றாள்.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். புது விதியின் கீழ் 2026-இல் படிப்பில் சேருகிறவள் 2029-இல்தான் படித்து முடித்து வேலைக்கு வருவாள். யுவால்டியில் அந்தச் சம்பவம் நடந்தபோது முதல் வகுப்பில் இருந்த குழந்தை அப்போது எட்டாம் வகுப்பை முடித்திருக்கும்.