மிளாவுக்கு விதைக்கலாமா?

சென்னை நண்பர் ஒருவர் வீடியோ அனுப்பியிருந்தார். அமெரிக்காவில் ஒருத்தர் காட்டோரம் டிராக்டர் வைத்து உழுகிறார். ஏழெட்டு வகை விதையைக் கலந்து தூவுகிறார். கொஞ்ச நாளில் பச்சைப் பசேலென்று வந்து நிற்கிறது. சாயங்காலம் மான் கூட்டம் இறங்கி மேய்கிறது. "நீங்களும்தான் பலதானியம் விதைக்கிறீங்க. அதையே காட்டுப் பக்கமா மானுக்குன்னு விட்டுட்டா வாழை தப்பிக்குமே?" என்று கேட்டிருந்தார். இன்னும் ரெண்டு பேரும் இதே மாதிரி கேட்டிருக்கிறார்கள். நல்ல மனசோடு கேட்கிற கேள்வி. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம் தாண்டி தடிக்காரன்கோணம் வந்தால் மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். அதற்கு மேலே கீரிப்பாறை. எங்கள் விளை இந்த அடிவாரத்தில்தான். (வயல் என்றால் நெல். மேட்டு நிலம் எங்களுக்கு விளை.) மரச்சீனி, ஏத்தன் வாழை, ஓரத்தில் கொஞ்சம் மட்டி. மேலே இருக்கிற காடு 2008-ல் கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயம் ஆனது. அங்கிருந்து இறங்கி வருகிறவை இரண்டு. ஒன்று பன்னி. இன்னொன்று மிளா.

மிளா என்றால் புத்தகத்தில் கடமான். புள்ளிமான் மாதிரி அழகுக்கு நிற்கிற சாதி இல்லை. நல்ல ஆண் மிளா ஒரு மாட்டின் கனம் இருக்கும். ராத்திரிதான் வரும். மரச்சீனித் தளிரைக் கடிக்கும், வாழைக் கன்றின் குருத்தை இழுக்கும். குருத்து போன கன்றை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

இப்போது அந்த வீடியோவுக்கு வருவோம். அங்கே அது வேட்டைக்காரர்கள் செய்கிற விவசாயம். ஓட்ஸ் சீக்கிரம் முளைத்து முதலில் தீனியாகும். குளோவர் என்கிற பயறு வகைத் தீவனம் மெதுவாக வந்து வருஷக் கணக்கில் நிற்கும். டர்னிப் மாதிரி முள்ளங்கிச் சாதிக் கீரைகள் உறைபனி விழுந்த பிறகு இனிக்கும், மான் அப்போது அதைத் தேடும். ஒன்று தீரும்போது இன்னொன்று தயாராக இருக்கும்படி கலவை போடுகிறார்கள். கெட்டிக்கார வேலைதான். ஆனால் பக்கத்து மரத்தில் பரண் கட்டி, துப்பாக்கியோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். வீடியோவில் அது வராது.

பாட்டாவிடம் வீடியோவைக் காட்டினேன். பார்த்துவிட்டுச் சொன்னார்: "கொடைக்கு நேந்துவிட்ட கிடாவுக்குக் குழை போடுகது மாதிரில்லா இருக்கு!"

நாம் விதைக்கிற பலதானியத்தின் கணக்கு வேறு. தபோல்கர் சொன்ன முறை. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராகப் போய்ப் பரப்பினார். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மசாலா, பசுந்தாள் என்று ஐந்து வகை. ஒவ்வொன்றிலும் நாலு. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ. எங்கள் 40 சென்டுக்கு நான் பத்து கிலோ எடுப்பேன். சோளம், கம்பு, தினை, உளுந்து, சிறுபயறு, பெரும்பயறு, காணம், எள்ளு, ஆமணக்கு, கடுகு, கொத்தமல்லி, வெந்தயம், தக்கைப்பூண்டு, சணப்பு. நாலுக்கு ஒன்று குறைந்தால் குறையட்டும், கையில் கிடைத்ததுதான். பெரிய விதையை முதலில் தூவிவிட்டு, சின்ன விதையை மணலில் கலந்து தூவ வேண்டும். இல்லையென்றால் கடுகெல்லாம் ஒரே இடத்தில் விழும்.

பயறுகளின் வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். சோளமும் கம்பும் நார்ச்சத்தைக் கொடுக்கும், மண்ணில் மட்க நாளெடுக்கும். ஒரு வேர் மேலே, ஒரு வேர் ஆழத்தில். 45, 50 நாளில் பூ எடுக்கும் சமயம் அப்படியே மடக்கி உழுதுவிடுவோம். அறுவடை கிடையாது. சாப்பிடுவது மண்.

அந்த 45 நாளைக்குள் மிளா வரும். வருகிறது. காலையில் போய்ப் பார்த்தால் எது பிடித்தது, எது பிடிக்கவில்லை என்று தெளிவாகத் தெரியும். எங்கள் விளையில் முதலில் பெரும்பயறு, அடுத்து காணம், உளுந்து. பிறகு கம்பு. எள்ளை ஒன்றிரண்டு கடித்துவிட்டு விட்டிருக்கும். ஆமணக்கைத் தொடவே இல்லை.

அப்படியானால் மிளாவுக்குப் பிடித்ததை மேலோரத்தில் விதைத்து, அங்கேயே வயிறு நிறைய வைக்கலாமே? நானும் இதை வெகுநாள் யோசித்திருக்கிறேன். பாட்டா ஒரே போடாகப் போட்டார்.

"மக்கா, நீ சோறு போட்டுப் பழக்குனா அது தனியா வராது, கூட்டத்தையே கூட்டிட்டு வரும் கேட்டியா. உனக்க பயறு தீந்த அன்னைக்கு எங்க போவும்? கீழ விளைக்குத்தான்."

கீழ விளை ஒரு சித்தப்பா குத்தகைக்கு எடுத்தது. முந்நூறு ஏத்தன் நிற்கிறது, அத்தனையும் ஓணச் சந்தையை நம்பி, கடன் வாங்கி வைத்தது. நான் மிளாவுக்கு விருந்து வைத்தால் பில் அவர் பெயருக்குத்தான் போகும். என் 40 சென்டு பயறு பத்து ராத்திரிக்குக் காணாது. அதற்குள் வழி பழகிவிடும். மிளா வந்தால் பின்னாலேயே சிறுத்தை வரும். சிறுத்தைக்கு மிளாவைவிட வீட்டு நாயும் ஆடும் சுலபம். ஒரே இடத்தில் மிருகங்கள் கூடி மேய்ந்தால் நோயும் பரவும். மான்களுக்கு வருகிற ஒரு கொல்லும் நோய்க்குப் பயந்து அமெரிக்காவிலேயே பல மாநிலங்களில் தீனி வைப்பதற்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்.

மிளா ஏன் இறங்குகிறது என்றும் கேட்க வேண்டும். மலைச் சரிவில் பாதி ரப்பர். 1984-ல் அரசு ரப்பர் கழகம் வந்தது, இலங்கையில் இருந்து திரும்பி வந்த எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் வளர்ந்த ரப்பர் நிழலில் புல் முளைக்காது. பால் வெட்டுகிறவர்களுக்குச் சோறு, மிளாவுக்கு இல்லை. மானுக்கு விதைப்பதென்றால் அது மேலே, காட்டுக்குள்ளே, உண்ணிச்செடியை வேரோடு எடுத்து நம் ஊர்ப் புல்லைத் திரும்பக் கொண்டுவருகிற வேலை. அதை வனத்துறைதான் செய்ய முடியும். நானோ நீங்களோ போய்க் காட்டுக்குள் விதை தூவக் கூடாது. கரண்டு வேலியும் வெடியும் பேச்சுக்கே இல்லை. சட்டம் 1972-லிருந்து இருக்கிறது. சட்டத்தை விடுங்கள், ராத்திரி அந்தக் கம்பியில் மாட்டுகிறது தண்ணி பாய்ச்சப் போன மனுஷனாகவும் இருக்கலாம்.

அதனால் கலவையை மாற்றவில்லை, இடத்தை மாற்றினேன். காட்டுப் பக்கம் நாலு வரிசை ஆமணக்கு, நெருக்கமாக. பன்னிக்கும் அது ஆகாது. அதற்குள்ளே எள்ளும் கடுகும். பயறெல்லாம் வீட்டுப் பக்கம், நாய் குரைத்தால் கேட்கிற தூரத்தில். வாழை இருக்கிற வருஷம் பயறை 40 நாளிலேயே மடக்கிவிடுகிறேன். மிளாவுக்கு ருசி பழகுமுன் தட்டு காலி. மிளா வராமல் இல்லை. வருகிறது, ஒரு ஓரம் கடிக்கிறது, போகிறது. கடித்தது போக வேர் மண்ணில்தானே இருக்கிறது, புழுக்கையும் போட்டுவிட்டுத்தான் போகிறது. அவ்வளவு எனக்குத் தாங்கும்.

இடவப்பாதி மழை பிடித்ததும் அடுத்த விதைப்பு. ஆமணக்கு விதை மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். சித்தப்பாவும் தன் மேலோரத்துக்குக் கேட்டிருக்கிறார்.